இல்லாத மேய்ப்பன்

காலையில் வெள்ளச்சி என்ற ஆட்டின் குட்டி காணாமல் போய்விட்டது. அதைத் தேடி மேய்ப்பர் மலைப்பக்கம் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஓநாய் பட்டிக்கு வந்தது. முழங்கால் உயர வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தது.

"கண்ணுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. உங்கள் மேய்ப்பன் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே மேய்ப்பன் என்று ஒருவன் கிடையாது. எதற்காக உள்ளே அடைந்து கிடக்கிறீர்கள்? வெளியே வாருங்கள்."

கொம்பன் என்ற கிடாவுக்கு ரோஷம் வந்தது. "மேய்ப்பர் இருக்கிறார். என் அப்பா சொன்னார்."

"உன் அப்பாவுக்கு யார் சொன்னது?"

"மேய்ப்பர்தான்!"

ஓநாய் விழுந்து விழுந்து சிரித்தது. மற்ற ஆடுகளுக்கு வெட்கமாகிவிட்டது. இரண்டு ஆடுகள் வேலியைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டன.

வெள்ளச்சிக்கு வந்ததே கோபம்! "கொம்பா, வாயை மூடு! நீ பேசினால் இருக்கிறவரும் இல்லாமல் போய்விடுவார்" என்று கத்திவிட்டு ஓநாயிடம் திரும்பியது.

"என் குட்டியும்தான் காலையிலிருந்து கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் நான் பெறவே இல்லையா? பால் கட்டிக்கொண்டு மடி வலிக்கிறதே, இது யாருக்காம்? உனக்கா?"

ஓநாய் முகத்தைச் சுளித்தது. "குட்டியின் கதை வேறு. மேய்ப்பன் கிடையாது."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயமாக."

"பிறகென்ன? முழங்கால் உயர வேலிதானே! தாண்டி உள்ளே வா."

ஓநாய் மலைப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டது.