மூணு மா நெல்

தாசில்தார் கையை ஆட்டிக் கத்துவதற்குள் பொக்லைனின் இரும்பு வாய் வரப்பை ஒரு கடி கடித்துவிட்டது.

கடித்த இடத்துக்கு நேர் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்துய்யா."

நின்றது. சேறு சொட்டியது. ஒரு கட்டி அவள் தலையில் விழுந்து உடைந்தது. அதைத் தட்டிவிடக்கூட அவள் கையைத் தூக்கவில்லை.

பயம் போனதும் தாசில்தாருக்கு ஆத்திரம் வந்தது.

"சாகணும்னா வேற எடம் பாரு. என் வேலைக்கு உலை வைக்காதே."

"நான் ஏன் சார் சாகணும்?" அவள் கையிலிருந்த போனைக் காட்டினாள். "ஐகோர்ட்ல ஸ்டே குடுத்தாச்சு. வக்கீல் இப்பதான் கூப்பிட்டார். இனி ஒரு கூடை மண்ணை அள்ளுங்க, பாப்போம்."

இந்திராணி.

நாலுவழிச் சாலைக்கு எடுத்த நிலங்களில் அவளுடைய மூணு மா வயல் மட்டும்தான் பாக்கி. வழக்குப் போட்டிருந்தாள். நஷ்ட ஈட்டில் பயிருக்கும் விலை போட்டாயிற்று, பயிரும் சர்க்காருடையது, அரிவாளோடு இறங்கினால் கேஸ் என்று அவரே வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார்.

நெல் முற்றித் தலை சாய்ந்திருந்தது.

அதைத்தான் மண்ணோடு புரட்டிப்போட வந்திருந்தார்.

"ஆர்டர் எங்கே?"

"வரும்."

"எப்போ?"

"வரும்போது."

அரசு வக்கீலுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கோர்ட்டுக்குள் இருப்பார். இன்னொரு தடவை போட்டார். அதே பெண் குரல், அதே பதில்.

ரோடு கான்ட்ராக்டரின் மேஸ்திரி காதருகே வந்தான். "புளுகுறா சார். தூக்கி ஓரமாப் போட்டுடலாம்."

"தூக்கு. நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி நீ வந்து நிக்கிறியா?"

மேஸ்திரி பின்வாங்கினான்.

போன வருஷம் ஒருத்தன் இப்படித்தான் வாயால் ஸ்டே என்றான். அவர் நம்பவில்லை. சுவரை இடித்தார். ஸ்டே நிஜமாகவே இருந்தது. நீதிபதி திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. கோர்ட் கலையும்வரை, தன் ஆபீஸ் பியூன் பார்க்க, தாசில்தார் சுவரோரம் நின்றார்.

அந்தக் கால் வலி இன்னும் போகவில்லை.

வாய்க்கால் மேட்டில் ஒரு உறுமல்.

அறுவடை மிஷின் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு டிராக்டர்.

"ஏய். யாரைக் கேட்டு அறுக்குறே?"

"ஸ்டேன்னா நிலம் என் கையில இருக்குன்னு அர்த்தம். என் வயலை அறுக்க உங்களை எதுக்குக் கேக்கணும்?"

அவர் மறுபடி அரசு வக்கீலுக்குப் போன் போட்டார்; இன்னும் அணைத்தேதான் இருந்தது.

மிஷின் ஒரு சுற்று வந்தது. தூசி கிளம்பி அவருடைய வெள்ளைச் சட்டையில் படிந்தது. உதறினார். அடுத்த சுற்றில் மறுபடி படிந்தது.

வெயில் ஏறியது. நிழல் பொக்லைனுக்கு அடியில் மட்டும்தான். அதிலும் அவள் இருந்தாள்.

"தண்ணி வேணுமா சார்?"

"வேண்டாம்."

"குடுக்கறதா இல்லை. சும்மா கேட்டேன்."

பொக்லைன் டிரைவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அவர் பல்லைக் கடித்தார். ஆர்டர் வரட்டும். இன்றில்லாவிட்டால் ஒரு மாசம், அந்த ஸ்டேயை உடைத்துவிட்டு வந்து, இவள் கண்முன்னாலேயே இந்த வயலைத் தோண்டுவேன். மனசுக்குள் தேதிகூடக் குறித்துவிட்டார்.

மிஷின் நின்றது.

மூணு மாவும் அறுத்த வெறும் தாளாகக் கிடந்தது. டிராக்டர் நெல்லைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி, முக்கி, தார் ரோட்டைப் பிடித்து மறைந்தது.

இந்திராணி எழுந்தாள். தலையிலிருந்த மண்ணை அப்போதுதான் தட்டிவிட்டாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு டிரைவரை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ ஓட்டிக்கப்பா."

தாசில்தாருக்குப் புரியவில்லை.

"அப்போ... ஸ்டே?"

அவள் வரப்பில் நடக்கத் தொடங்கியிருந்தாள். திரும்பவில்லை.

"தள்ளுபடி சார். அதைச் சொல்லத்தான் காலையில வக்கீல் கூப்பிட்டார்."