இருபதும் தப்பு

பூங்காவனத்தின் மூன்று விரல்களை நசுக்கிய பிரஸ் மெஷின் அம்பத்தூரில் பூட்டிக் கிடக்கிறது. அவள் எழுதப் படிக்கக் கற்றுத் தேறும்வரை அதை ஓட்டக் கூடாது என்பது சட்டம். படிப்புச் செலவும் அதுவரை சம்பளமும் கம்பெனியின் பொறுப்பு.

மூன்றாவது தடவையும் அவள் தேறவில்லை.

"அக்கா, சரியா தப்பான்னு டிக் அடிக்கிற கேள்வி இருபது," என்றாள் ரெஹானா டீச்சர். "கண்ண மூடிக்கிட்டு அடிச்சிருந்தாலும் பாதி சரியா வந்திருக்கும். இருபதையும் தப்பா போடணும்னா இருபதும் தெரிஞ்சிருக்கணும்."

பூங்காவனம் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பாஸானா மெஷின தொறந்துடுவாங்க டீச்சர். அதுல புதுசா சேர்ந்த யசோதாவ நிறுத்தப்போறாங்களாம். கைக்குழந்தைக்காரி."

டீச்சர் இன்னும் பெயர் எழுதாத தேர்ச்சிச் சான்றிதழ் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 'திறக்கும் முன் சரிசெய்ய வேண்டியவை' என்று அச்சிட்டு, கீழே இடம் விட்டிருந்தது.

"பாஸ் பண்ணவங்க எழுதுற இடம் இது. நீங்க எழுதினத செய்யாம பூட்டத் தொறக்க முடியாது."

பூங்காவனம் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பென்சிலை இடது கையில் பிடித்து, தன் நோட்டில் கோணல்மாணலாக எழுதிப் பார்த்தாள்: கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்கக் கூடாது.

"அந்தக் கேள்வித்தாள இன்னொரு தடவ குடுங்க டீச்சர்," என்றாள்.