மூன்றில் ஒரு பங்கு

தீவில் எந்த வீட்டின் செலவிலும் இறக்குமதி மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. மகளுக்கு இன்சுலின் ஊசி தொடங்கியதும் சுகிர்தா பருப்பை விட்டாள், கோதுமை மாவை விட்டாள். அப்படியும் அளவு குறையவில்லை. வீட்டின் இறக்குமதிப் பட்டியலில் ஊசியைத் தவிர இன்னும் இருந்தது, தூத்துக்குடியிலிருந்து வந்து அவளை மணந்த ரொசாரியோ மட்டும்தான்.

“இஞ்சேருங்கோ, போகாதையுங்கோ. வேற ஏதும் வழி பாப்பம்,” என்று அழுதாள்.

“பிள்ளைக்கு ஊசி வேணும்ல? நான் என்ன, பருப்ப விடவா ருசி?” என்று அவன் சிரிக்கப் பார்த்தான்.

துறைமுகத்தில் அவன் சட்டையில் ‘ஏற்றுமதி’ என்று ஒட்டினார்கள். கப்பல் மறையும்வரை மகள் கையசைத்தாள்.

அதிகாரி சுகிர்தாவை அழைத்தார். “இப்ப உங்கட பட்டியல்ல நிறைய இடம் இருக்குது, தங்கச்சி. பருப்பு எடுக்கிறீங்களோ?”

மகளுக்குப் பசித்தது. சுகிர்தா பையை விரித்தாள்.