பாதி காலியான தொட்டி

விவாகரத்துக்குப் பிறகும் ஹில்டாவும் வானஸும் கென்ட் நகரில் அந்த உணவகத்தைச் சேர்ந்தேதான் நடத்தினார்கள்.

"நம்ம சாப்பாட்டுல பாதி குப்பைக்குப் போகுது. எல்லாம் உன் லட்சணம்!" என்று பணியாளர்கள் முன்னாலேயே கத்தினாள் ஹில்டா. "நான் ஸ்பெயின் போய்ட்டு வர்றதுக்குள்ள குறைக்கலேன்னா, கரண்டிய வெச்சுட்டுக் கிளம்பிடு!"

"முதல்ல நீ கிளம்பு" என்றான் வானஸ்.

விடுமுறை முடிந்து வந்தவள் நேராகக் குப்பைத் தொட்டியைத்தான் திறந்து பார்த்தாள். அது பாதிகூட நிரம்பவில்லை.

"அளவைக் குறைச்சு வந்தவங்களைப் பட்டினி போட்டியா?"

"ஒரு கரண்டிகூடக் குறைக்கல. மீன் சூப் மட்டும் போடல. கிண்ணத்தோட அப்படியே திரும்பி வந்தது அது ஒண்ணுதான்."

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"நான் எங்க நிறுத்தினேன்? அதை வைக்கிறவ நீ. நீதான் ஊர்லயே இல்லையே!"