வாசித்து முடிக்காதவர்

ஊர்காவற்துறைப் படகுச்சேவை அலுவலகத்தில் ஒரு மாற்றுச் சேர்வர் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சேர்வரில் பதியும் பயண விபரங்களையெல்லாம் அது அப்படியே படியெடுத்து வைத்துக்கொள்ளும். அன்று காலை படியெடுப்பு நின்றுபோனது.

"தர்சன் அண்ணை, உங்கட பக்கத்தில ஆரோ பழைய பதிவொண்டைத் திறந்து வச்சு வாசிச்சுக்கொண்டிருக்கினம். அந்தாள் விட்டால்தான் புதுசு உள்ள வரும்," என்றாள் யாழ்ப்பாண அலுவலகத்திலிருந்து போனில் துஷாந்தினி.

திரையில் நிமலன் என்ற பெயர் இருந்தது. தர்சனுக்கு முன் இந்தச் சேர்வர் வேலையைப் பார்த்தவன் அவன். தர்சனின் மனைவி வினோஜாவின் முதல் கணவனும் அவன்தான். அனலைதீவுக் கடலில் படகோடு மூழ்கிப்போனவன். இப்போது வினோஜாவின் பழைய பயணப் பதிவொன்றைத் திறந்து வைத்திருந்தான்.

நிமலன் தேத்தண்ணி குடித்த பச்சைக் கோப்பையைக்கூட, கலியாணம் முடிந்த கிழமையே பாலத்தடிக் கடலில் எறிந்தவன் தர்சன்.

"செத்தும் விடுறானில்லை," என்று, அந்த வாசிப்பை நிறுத்தக் கணினிக்குக் கட்டளை கொடுத்தான். நிற்கவில்லை. கடைசியில் மின்சாரத்தையே பிடுங்கினான். திரும்பப் போட்டபோதும் நிமலன் அதே பதிவில்தான் இருந்தான்.

மத்தியானம் நாரந்தனை வீட்டுக்குச் சாப்பிடப் போனான். குசினி மேசையில் தேத்தண்ணி ஆவி பறந்துகொண்டிருந்தது. கோப்பை பச்சை. அடியில் சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் கடித்து வைத்த பனங்கட்டி.

தர்சன் கோப்பைக்கு முன்னாலிருந்த கதிரையை இழுக்கப் போனான். வினோஜா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:

"கொஞ்சம் பொறுங்கோ. அவர் இன்னும் குடிச்சு முடிச்சு எழும்பேல்லை."