யார் மேல் சந்தேகம்?

“எந்த செக்‌ஷன்ல இவரை உள்ள வெச்சிருக்கீங்க?”

அருணகிரி இப்படிக் கேட்டதும் ஏட்டு ராஜமாணிக்கம் டீ கிளாஸை மேஜைமேல் வைத்தார். எதிரில் நிற்கிற பையன் மெட்ராஸில் சட்டம் படிக்கிறான். இரண்டாம் வருஷம். தீபத் திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறான். படித்த கிரிமினல் சட்டத்தை யாரிடமாவது காட்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“செக்‌ஷனா? தீபம் செக்‌ஷன்” என்றார் ஏட்டு. “வருஷா வருஷம் பழைய கேடிங்களைத் தீபம் முடியறவரைக்கும் உள்ள வெச்சிடுவோம். லட்சம் ஜனம் வர்ற ஊருப்பா இது.”

“வெள்ளைக்காரன் போயி பதினோரு வருஷம் ஆச்சு ஏட்டையா. என்னைக்கோ ஒரு தடவை திருடினவருங்க சடையன். எங்க வீட்டுக்கு வெள்ளையடிச்சிக்கினு இருந்தவரை ஏணியிலேருந்து இறக்கிக் கூட்டிக்கினு வந்திருக்கீங்க. மூணு நாளாச்சு. இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள மேஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். நிரூபிக்கிற வரைக்கும் எவனும் குற்றவாளி இல்லை!”

“உள்ள இன்னும் எட்டுப் பேரு இருக்கானுங்க. அவனுங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாதா வக்கீல் தம்பி?”

அருணகிரி கொஞ்சம் தடுமாறினான். “இவரை எனக்குத் தெரியும்.”

ஏட்டு ஒரு காகிதத்தை நகர்த்தினார். “அப்ப எழுதிக் குடு. வெளிய விட்டப்புறம் ஏதாவது ஆச்சுன்னா நீதான் ஜவாப் சொல்லணும்.”

அருணகிரி கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டான்.

சடையன் வெளியே வந்தார். ஐம்பது வயசிருக்கும். முழங்கைவரை காய்ந்த சுண்ணாம்பு. முகத்தில் சந்தோஷம் மட்டும் இல்லை.

“வாணாங்க தம்பி. தீபம் முடிஞ்சா தானா விட்டுடுவாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்.”

“பயப்படாதீங்க. சட்டம் உங்க பக்கம் இருக்கு.”

“இருக்கும் தம்பி” என்றார் சடையன், குரலில் நம்பிக்கை இல்லாமல்.

தெருவில் இறங்கியதும் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நாளைக்கு அம்மா கோயிலுக்கு வருவாங்களா?”

“வராம இருப்பாங்களா?”

“சங்கிலி போட்டுக்கினு வருவாங்களா?”

அருணகிரிக்கு ஏனோ அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. “அதெல்லாம் அவங்க இஷ்டம். காலையில வந்து மீதிச் சுவரை முடிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தான். சடையன் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவர் வரவில்லை. சுவர் பாதி வெள்ளையும் பாதி அழுக்குமாக நின்றது.

“நீ சண்டை போட்டு இஸ்துக்கினு வந்த ஆளு எங்கடா?” என்று கேட்டாள் அம்மா ஆதிலட்சுமி.

“தீபத்தன்னிக்கு யாரும்மா வேலைக்கு வருவாங்க?” என்றான். சொல்லும்போதே மனசுக்குள் என்னவோ உறுத்தியது.

சாயங்காலம் கோயிலுக்குள் மூச்சு விட இடமில்லை. ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் தெரிந்ததும் அத்தனை கைகளும் தலைக்குமேல் போயின. “அண்ணாமலையாருக்கு அரோகரா!”

கைகள் இறங்கியபோது ஆதிலட்சுமி கழுத்தைத் தடவினாள். இன்னொரு தரம் தடவினாள்.

“டேய் அருணகிரி... சங்கிலிடா!”

தாய்வீட்டில் போட்ட ரெட்டை வடம். எந்தக் கஷ்டத்திலும் அவள் கழற்றாதது.

சுற்றிலும் ஆயிரம் பேர். ஒருத்தர் முகத்தையும் அருணகிரி பார்க்கவில்லை. மனசில் ஒரே முகம்தான். சங்கிலி போட்டுக்கினு வருவாங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டானே! காலையில் வராதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? கையெழுத்து வேறு போட்டுக் கொடுத்தேனே! வக்கீல் ஆவதற்கு முன்னாலேயே மானம் கப்பலேறியது.

அம்மாவை ஒரு தூணோரம் உட்காரவைத்துவிட்டு ஓடினான். இடித்தான், மிதித்தான், திட்டு வாங்கினான். ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது அவனுக்கு மூச்சு இரைத்தது.

“அம்மா சங்கிலி...” என்று கழுத்தைக் காட்டினான்.

ஏட்டு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். “மூச்சு வாங்கிக்கினு எழுது. என்ன போச்சு, எப்போ போச்சு, யார் மேல சந்தேகம்.”

முதல் இரண்டுக்கும் அருணகிரி யோசித்து எழுதினான். மூன்றாவதுக்கு யோசிக்கவே இல்லை. ‘சடையன்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டான்.

ஏட்டு படித்தார். தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “வா” என்று பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

கம்பிக்குப் பின்னால், எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாக, சடையன் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் அதே சுண்ணாம்பு.

“நேத்து நீ அந்தப் பக்கம் போனே, இவன் இந்தப் பக்கம் திரும்பி வந்துட்டான்” என்றார் ஏட்டு. “வெளிய போடான்னா போகமாட்டேன்றான்.”

அருணகிரியைப் பார்த்ததும் சடையன் பதறி எழுந்தார். “என்ன தம்பி இப்படி வேர்த்திருக்கு? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“சங்கிலி... போயிடுச்சு.”

“அடக் கடவுளே! இதுக்குத்தான நேத்து கேட்டேன். கழுத்துல காயம் கீயம் படலையே?”

ஏட்டின் கையிலிருந்த தாளின் பக்கம் அருணகிரியால் திரும்பவே முடியவில்லை.

“நீங்க... ஏன் திரும்பி வந்தீங்க?”

சடையன் கம்பியோரம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வெளிய இருந்தா, எவன் எடுத்தாலும் எம்பேருதாங்க வரும். ஊரு சொன்னா தாங்கிக்குவேன். எனக்காகக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆளு நீங்க. உங்ககிட்டேருந்தும் அந்தச் சொல்லு வந்துடக் கூடாதுன்னுதான் தம்பி.”