ஒரு கார்டும் நாலு சர்வரும்

"இன்னா மேடம், இப்பதான் வர்றீங்க? காலையிலேர்ந்து உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன். வாங்க, உள்ள வாங்க!"

கள்ளக்குறிச்சிக்கு வெளியே இருந்த அந்த ஜவ்வரிசி ஆலையின் மேனேஜர் செல்லமுத்து, ஆபீஸ் வாசலில் நின்ற பெண்ணைப் பேசவே விடாமல் சர்வர் அறைக்குள் அழைத்துப் போனார்.

"சார், நான் எதுக்கு வந்தேன்னா..."

"தெரியும் மேடம்! அதுக்குத்தானே சென்னைக்கு மூணு தடவை போன் பண்ணேன். இதைப் பாருங்க. இந்த ஒரே மெஷினுக்குள்ள நாலு சர்வர் ஓடுது. எடைமேடை, கிழங்குல எவ்ளோ மாவுன்னு வெலை வெக்கிற மாவுப் பாயிண்ட், குடோன், சம்பளம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கார்டு. அது வழியாத்தான் கணக்கெல்லாம் இருக்கிற அந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போவணும். நேத்து இடி வுழுந்ததுல மூணு கார்டு காலி. புதுசு வர மூணு நாளு ஆவுமாம்."

"மூணு நாளா?" அந்தப் பெண் பதறிப்போனாள்.

பதறாமல் என்ன செய்வது? கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த டிராக்டர்கள் கேட்டைத் தாண்டிச் சாலை வரை நின்றன. பிடுங்கிய கிழங்கு அத்தனை நாள் தாங்காது, உள்ளே கறுத்துவிடும். கையால் சீட்டு எழுதலாம் என்றால் ஒருவரும் வாங்க மாட்டார்கள். போன வருடம் ஒரு சீட்டில் ஒன்பது ஏழாகி, ஆபீஸ் கண்ணாடி நொறுங்கியதிலிருந்து கம்ப்யூட்டர் சீட்டு மட்டும்தான் செல்லும். 'சாயந்திரத்துக்குள்ள எடை போடலைன்னா அத்தனை லோடும் ஆத்தூர் ஆலைங்களுக்குப் போய்டும். நீயும் அதுலயே ஏறிப் போய்டு' என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

"மிச்சமிருக்கிற கார்டு நல்லா இருக்கா சார்?"

"அது இருக்குது. எடைமேடைக்குக் குடுத்தா மத்த மூணும் படுத்துக்குது. மாவுப் பாயிண்ட் இல்லாம சீட்டு வராது."

"நாலுக்கும் அது ஒண்ணே போதும்."

செல்லமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒரே கார்டா? ஒண்ணோட கணக்கு இன்னொண்ணுல கலந்துடாது?"

"கலக்காது சார். இந்த ஒரு கார்டு மேலயே நாலு சர்வருக்கும் தனித்தனி அடையாள நம்பர் குடுத்துடலாம். ஸ்டோரேஜ் பெட்டி நம்பரைத்தான் பார்க்கும், கார்டை எண்ணாது. ஒரு நம்பருக்கு ஒதுக்குன டிஸ்க் இன்னொண்ணு கண்ணுக்கே தெரியாது. பாஸ்வேர்டு போடுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் தலை நிமிரவே இல்லை. ஒரு மணி நேரத்தில் எடைமேடை எழுந்தது. மற்ற மூன்றும் சிவப்பாகவே நின்றன. செல்லமுத்து குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டார்.

"அட, கார்டுக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கிற நெட்வொர்க் சுவிட்சுல, ஒரே கார்டுலேர்ந்து பல நம்பரை ஏத்துக்கற வசதியை ஆன் பண்ணவே இல்ல!" என்று அவள் தலையில் தட்டிக்கொண்டாள். இன்னும் பத்து நிமிடம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் பச்சை!

எடைமேடையில் முதல் சீட்டு கரகரவென்று வந்து விழுந்தது. வெளியே அத்தனை டிராக்டர்களும் ஹாரன் அடித்துக் கொண்டாடின. செல்லமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் வேலையக் காப்பாத்திட்டீங்க மேடம்! எத்தினி வருசமா இந்த வேலை?"

"பெங்களூர்ல ஒன்பது வருசம் பார்த்தேன் சார்."

அப்போது அவருடைய போன் அடித்தது. "சார், சென்னையிலேர்ந்து வர்ற இன்ஜினியர் ஆல்பின் பேசறேன். சாரி சார், பஸ் இப்பதான் உளுந்தூர்பேட்டையைத் தாண்டுது..."

செல்லமுத்து போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... நீங்க யாருங்க?"

"மலை மேல வெள்ளிமலை ஊருங்க சார். பெங்களூர் வேலையை வுட்டுட்டு இப்ப விவசாயம். வரிசையில பதினாலாவது டிராக்டர் எங்களுது. எங்க கிழங்கை எப்ப எடை போடுவீங்கன்னு கேக்கத்தான் உள்ள வந்தேன், நீங்கதான் கேக்கவே வுடலியே!"